கோஃபேக்ஸின் இடது கை



1966 நவம்பர் 18ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பெவர்லி ஹில்ஸில் ஒரு ஹோட்டல். சாண்டி கோஃபேக்ஸ் பத்திரிகைக்காரர்களை வரச்சொல்லி, இனிமேல் பந்து வீசப் போவதில்லை என்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 30. முடிந்துபோன அந்த சீசனில் 27 ஆட்டங்களை வென்றிருந்தார். அவருடைய பன்னிரண்டு ஆண்டு ஆட்டவாழ்வில் அதுதான் அதிகம். அன்றைக்கு அமெரிக்காவில் அவரைவிடக் கூடுதலாகச் சம்பளம் வாங்கிய பிட்சர் கிடையாது. ஆட்டம் தளர்ந்து வெளியேறியவர்களை எல்லா விளையாட்டிலும் பார்க்கிறோம். உச்சியில் நின்றபடி போதும் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

ஒரு தொழில்முறை பேஸ்பால் பிட்சரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். பொதுவாகப் பேசுவதைவிட ஒரு மனிதரை எடுத்துக்கொள்வது நல்லது என்று நினைத்தேன். பந்து வீசுகிறவனுடைய கை அவனுக்குச் சொந்தம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இதைச் சொல்ல ஒரு சொற்பொழிவா என்று உங்களுக்குத் தோன்றலாம். கோஃபேக்ஸ் விளையாடிய காலத்தில் சட்டப்படியும் வழக்கப்படியும் அது உண்மையாக இருக்கவில்லை. அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்தக் கை யாருடையது என்ற வழக்காகவே நடந்தது.

பேஸ்பால் பார்த்துப் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் நடுவே மண்ணைக் குவித்து ஒரு மேடு போட்டிருப்பார்கள். அதற்கு மவுண்ட் என்று பெயர். பிட்சர் அதன்மேல் நின்று, 60 அடி 6 அங்குலத் தூரத்தில் நிற்கும் பேட்டருக்குப் பந்தை எறிவார். பந்து தரையில் குத்தி எழும்புவதில்லை, நேராகப் போகும். பேட்டருக்குப் பின்னால் கேட்சர் உட்கார்ந்திருப்பார். பேட்டர் அடிக்கத் தவறிய நல்ல பந்து ஒரு ஸ்டிரைக்; மூன்று ஸ்டிரைக் ஆனால் பேட்டர் அவுட். அடித்துவிட்டு மூன்று பேஸ்களையும் சுற்றி வீடு திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸ், ஓர் அணிக்கு மொத்தம் 27 அவுட். இந்த 27 அவுட்டையும் ஒரே பிட்சர் தொடக்கத்திலிருந்து கடைசிவரை எடுத்தால் அது முழு ஆட்டம். இப்போதெல்லாம் ஐந்தாறு இன்னிங்ஸ் வீசியதும் அடுத்த பிட்சரை இறக்கிவிடுகிறார்கள். கோஃபேக்ஸ் காலத்தில் தொடங்கியவரே முடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்; மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு நான்காம் நாள் அவரே மறுபடியும் மேட்டில் ஏறுவார்.

நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு முழங்கையில்தான் இருக்கிறது. கிரிக்கெட் பந்துவீச்சாளர் வீசும்போது முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தக் கூடாது. பேஸ்பாலில் அப்படி ஒரு விதியே கிடையாது. கையை மடித்துப் பின்னால் இழுத்து, சாட்டையைச் சொடுக்குவதுபோல முன்னால் விடுவிக்கிறார்கள். அந்த நொடியில் தோள்மூட்டு உட்புறமாகத் திரும்பும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7,000 டிகிரி என்று அளந்திருக்கிறார்கள். மனித உடம்பு செய்யக்கூடிய மிக வேகமான அசைவுகளில் அதுவும் ஒன்று. அந்த விசையில் பெரும் பங்கு முழங்கையின் உட்பக்கம் இருக்கிற ஒரு சின்ன இணைப்புநாரின் மேல் விழுகிறது. ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் விழுகிறது.

இனி அவர் கதைக்கு வருவோம்.

கோஃபேக்ஸ் 1935 டிசம்பர் 30 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். தாய் மறுமணம் செய்துகொண்ட வழக்கறிஞர் இர்விங் கோஃபேக்ஸின் பெயர்தான் அவருக்குக் குடும்பப் பெயராக நிலைத்தது. பையனுக்குப் பிடித்த விளையாட்டு கூடைப்பந்து. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் கூடைப்பந்து ஆடத்தான். அங்கே பேஸ்பால் அணியிலும் கொஞ்சம் வீசினார். பந்தின் வேகத்தைப் பார்த்த பெரிய கிளப்புகள் தேடி வந்தன. 1954 டிசம்பரில் சொந்த ஊர் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸ் 14,000 டாலர் முன்பணமும் 6,000 டாலர் ஆண்டுச் சம்பளமும் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்தது. வயது 18, பத்தொன்பது நிறைய சில நாட்களே இருந்தன.

இங்கேதான் முதல் சிக்கல் தொடங்குகிறது. அப்போது ஒரு விதி இருந்தது. 4,000 டாலருக்கு மேல் முன்பணம் வாங்கிய புதியவரை இரண்டு ஆண்டுகள் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும்; கீழ்நிலை லீகுகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பக் கூடாது. பணக்கார கிளப்புகள் திறமையான பையன்களை எல்லாம் வாங்கிக் குவித்துவிடக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த விதி. நோக்கம் நல்லதுதான். விளைவோ நேர்மாறாக இருந்தது. சாதாரணமாக ஒரு பிட்சர் சின்ன ஊர்களின் சின்ன மைதானங்களில் இரண்டு மூன்று ஆண்டுகள் வீசி, அடிவாங்கி, தொழிலைக் கற்றுக்கொண்டு மேலே வருவார். கோஃபேக்ஸுக்கு அந்தப் பள்ளிக்கூடமே வாய்க்கவில்லை. முதல் ஆண்டில் அவரைப் பன்னிரண்டு ஆட்டங்களில்தான் இறக்கினார்கள். மற்ற நாட்களில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடம் கொடுப்பதற்காகக் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டவர் டாம் லசோர்டா. அதே லசோர்டா பின்னாளில் டாட்ஜர்ஸ் அணிக்கு இருபது ஆண்டுகள் மேனேஜராக இருந்தார்.

1955இல் டாட்ஜர்ஸ், ஆண்டு இறுதியில் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்றது. புரூக்ளின் வரலாற்றில் அது ஒரே ஒரு முறை நடந்த அதிசயம். அந்தத் தொடரில் கோஃபேக்ஸ் ஒரு பந்துகூட வீசவில்லை. அந்தப் பருவத்தில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கப் போய்வந்துகொண்டிருந்தார்.

வேகம் இருந்தது, கட்டுப்பாடு இல்லை. 1958இல், அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்த ஆண்டில், 158 இன்னிங்ஸ் வீசி 105 பேரை வாக் கொடுத்து, அதாவது நான்கு பந்தை விலக்கி எறிந்து சும்மா முதல் பேஸுக்கு, அனுப்பினார். நல்ல நாளில் அவரை அடிக்க முடியாது. 1959 ஆகஸ்டில் சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியை எதிர்த்து ஒரே ஆட்டத்தில் 18 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். கெட்ட நாளில் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. ஆறு ஆண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி. 1960 சீசன் முடிந்த அன்று தன் கையுறையையும் காலணியையும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினார். அணியின் உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த நோப் கவானோ என்பவர் அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்தினார். அடுத்த ஆண்டு கோஃபேக்ஸ் பயிற்சிக்குத் திரும்பி வந்தபோது எடுத்துக் கொடுத்தார். பேஸ்பால் வரலாற்றில் கவானோவின் பெயர் பெரிய எழுத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1961 வசந்தகாலப் பயிற்சியில், ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ ஊரில் முக்கியமில்லாத ஓர் ஆட்டம். மின்னசோட்டா ட்வின்ஸ் எதிரணி. கோஃபேக்ஸ் வழக்கம்போல ஆரம்பத்திலேயே வாக் கொடுக்கத் தொடங்கினார். கோபம் ஏற ஏற இன்னும் வேகமாக எறிந்தார், பந்து இன்னும் விலகிப் போயிற்று. அன்று கேட்சராக இருந்தவர் நார்ம் ஷெரி, அணியின் மாற்று கேட்சர். அவர் மவுண்டுக்கு நடந்து போய், இவ்வளவு பலம் வேண்டாம், கொஞ்சம் தணித்துப் போடு, அவர்கள் அடித்தால் அடிக்கட்டும் என்கிற பொருளில் சொன்னார். கோஃபேக்ஸ் கேட்டார். அன்று ஏழு இன்னிங்ஸில் ஒரு ஹிட்கூட, அதாவது பேட்டரைப் பேஸில் சேர்க்கும் ஓர் அடிகூட, கொடுக்கவில்லை. தணித்துப் போட்ட பந்தில் வேகம் குறையவே இல்லை என்று ஷெரியே வியந்தார். முறுக்கிப் பிடித்த தசை வேகத்தைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த இடத்தை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆறு ஆண்டுகளாகப் பெரிய பயிற்சியாளர்கள் பலர் அவரைத் திருத்த முயன்றார்கள். பயிற்சியாளர் ஜோ பெக்கர் அவர் வீசும் முறையைச் சீர்செய்ததும் உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்து பந்து பந்தாக வாங்கியவருக்குத் தெரிந்தது மேலே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கட்டும் பரவாயில்லை என்ற சொல் அன்றுதான் அந்த இளைஞனின் காதில் ஏறியது.

அந்த ஆண்டு 18 வெற்றி, 269 ஸ்டிரைக் அவுட். 1903இல் கிறிஸ்டி மேத்யூசன் நிறுவிய, இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் ஸ்டிரைக் அவுட் சாதனை முறிந்தது. அதிலிருந்து ஆறு ஆண்டுகளில் 129 வெற்றி, 47 தோல்வி. 1962 முதல் 1966 வரை ஐந்து ஆண்டுகளும் லீகிலேயே மிகக் குறைந்த ரன் சராசரி அவருடையதுதான். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அப்போது இரண்டு லீகுகளுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அதை 1963, 1965, 1966 என மூன்று முறை ஒருமனதாக வாங்கினார். ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம் என்று ஒன்று உண்டு. பல பிட்சர்கள் வாழ்நாளில் ஒன்றுகூட வீசுவதில்லை. இவர் 1962இல் ஒன்று, 1963இல் ஒன்று, 1964இல் ஒன்று, 1965இல் ஒன்று என நான்கு வீசினார்.

நியாயமாகப் பேச வேண்டும். அந்தக் காலம் பிட்சர்களுக்குச் சாதகமான காலம். மவுண்ட் 15 அங்குல உயரம் இருந்தது. 1969இல்தான் அதை 10 அங்குலமாகக் குறைத்தார்கள். 1962இல் திறந்த டாட்ஜர் ஸ்டேடியமும் ரன் எடுப்பதற்குக் கடினமான மைதானம். வெளியூரில் வீசியபோது அவருடைய எண்கள் இவ்வளவு அழகாக இல்லை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த ஆறு ஆண்டுகளுக்கு இணை சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

அவர் வீசியது பெரும்பாலும் இரண்டே பந்துகள். ஒன்று ஃபாஸ்ட்பால். கையைத் தலைக்கு மேலே உயர்த்தி விடுவதால் பந்து பின்புறமாகச் சுழன்றுகொண்டு வரும். அந்தச் சுழற்சி காற்றில் பந்தைத் தாங்கிப் பிடிக்கும்; விழவேண்டிய அளவுக்கு விழாது. பேட்டரின் கண்ணுக்கு அது மேலே எழும்புவதுபோலவே தெரியும். மற்றொன்று கர்வ்பால். அது முன்புறமாகச் சுழலும், நெஞ்சு உயரத்தில் புறப்பட்டது முழங்காலுக்கு விழும். எந்தப் பந்து வரப்போகிறது என்று அவர் கையைத் தூக்கும் விதத்திலேயே அனுபவமுள்ள பேட்டர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம். கண்டுபிடித்தும் அடிக்க முடியவில்லை.

1965 செப்டம்பர் 9 இரவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. டாட்ஜர் ஸ்டேடியம், எதிரணி சிகாகோ கப்ஸ், கூட்டம் 29,139 பேர். சிகாகோவின் பிட்சர் பாப் ஹெண்ட்லி, அவரும் இடது கைக்காரர். நான்கு இன்னிங்ஸ் வரை இரண்டு பக்கமும் ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் லூ ஜான்சன் வாக் வாங்கினார். அடுத்தவர் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட் ஆகி ஜான்சனை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். ஜான்சன் மூன்றாம் பேஸைத் திருடி ஓடினார். அவரைப் பிடிக்க சிகாகோ கேட்சர் கிறிஸ் க்ரக் எறிந்த பந்து மூன்றாம் பேஸ்மேன் தலைக்கு மேலே பறந்து வெளிமைதானத்துக்குப் போயிற்று. ஜான்சன் வீடு வந்து சேர்ந்தார். ஹிட் இல்லாமலே ஒரு ரன். அந்த இரவின் ஒரே ரன் அதுதான். ஏழாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் விழுந்தது, அடித்தவரும் ஜான்சன்தான். இரண்டு அணியிலும் சேர்த்து அன்று பேஸில் நின்ற மனிதர் அவர் ஒருவர் மட்டுமே.

கோஃபேக்ஸ் பக்கத்தில் எட்டு இன்னிங்ஸ் முடிய 24 பேர் வந்தார்கள், 24 பேரும் போனார்கள். எட்டாவது இன்னிங்ஸில் ரான் சான்டோ, எர்னி பேங்க்ஸ், பைரன் பிரவுன் மூவரையும் ஸ்டிரைக் அவுட் செய்தார். சான்டோவும் பேங்க்ஸும் பின்னாளில் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தவர்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ். அந்த மைதானத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது: ஆட்டத்தை நேரில் பார்த்துக்கொண்டே மக்கள் டிரான்சிஸ்டரில் வின் ஸ்கல்லியின் வர்ணனையையும் கேட்பார்கள். ஸ்கல்லி அன்று நேரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார், இது வரலாறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எழுதிவைத்துப் படித்ததல்ல, வாய்ப்பேச்சு. இருந்தாலும் அந்தக் கடைசி இன்னிங்ஸ் வர்ணனையை இன்று இலக்கியத் தொகுப்புகளில் அச்சிடுகிறார்கள். பிட்சர் நெற்றியை விரலால் வழித்துக் கால்சட்டையில் துடைப்பதுவரை சொல்கிறார். ஒரு பந்தை கோஃபேக்ஸ் தன்னை மீறிய வேகத்தில் எறிந்தபோது தலையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. முதலில் க்ரக், பிறகு அமல்ஃபிடானோ, கடைசியாக ஹார்வி கூன். மூவரும் ஸ்டிரைக் அவுட். இரவு 9 மணி 46 நிமிடம். 27 பேர், 27 அவுட். அதைத்தான் பர்ஃபெக்ட் கேம் என்கிறார்கள்.

ஒரே ஒரு ஹிட் கொடுத்துத் தோற்ற ஹெண்ட்லியையும் நினைக்க வேண்டும். ஐந்து நாள் கழித்து சிகாகோவில் இதே இருவரும் மோதினார்கள். அன்று ஹெண்ட்லி வென்றார்.

இப்போது நான் சொல்லப்போவது, இதையெல்லாம் எப்படிப்பட்ட கையால் செய்தார் என்பது.

1962இலேயே இடது ஆள்காட்டி விரலில் ரத்த ஓட்டம் நின்று, விரல் மரத்து, வெளுத்துப் பாதி சீசனை இழந்தார். 1964 ஆகஸ்டில் மில்வாக்கியில் ஓர் ஆட்டத்தில், பேஸுக்குத் திரும்பிப் பாய்ந்து விழுந்தபோது முழங்கை தரையில் மோதியது. அடுத்த இரண்டு ஆட்டங்களை வென்றார். அதில் ஒன்றில் 13 ஸ்டிரைக் அவுட். மறுநாள் காலை கையை நிமிர்த்த முடியவில்லை. டாக்டர் ராபர்ட் கெர்லன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அடிபட்ட மூட்டில் வாதம் இறங்கியிருக்கிறது என்றார். மூட்டு தேய்ந்துகொண்டிருந்தது. தேய்ந்தது வளராது. 1965 வசந்தத்தில் ஒரு முழு ஆட்டம் வீசிய மறுநாள் எழுந்தபோது கை முழுக்க ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. இனி வாரத்துக்கு ஒரு முறை வீச முடிந்தாலே பெரிது என்று வைத்தியர் எச்சரித்தார்.

அந்த ஆண்டு கோஃபேக்ஸ் வீசியது 335 இன்னிங்ஸுக்கு மேல். 27 முழு ஆட்டங்கள். 382 ஸ்டிரைக் அவுட். அதை முறியடிக்க 1973 வரை ஆள் வரவில்லை, வந்த நோலன் ரையனும் ஒன்றே ஒன்றுதான் கூட எடுத்தார்.

எப்படி முடிந்தது? ஆட்டத்துக்கு முன் தோளிலும் முதுகிலும் முழங்கையிலும் கேப்சோலின் என்ற களிம்பைத் தேய்ப்பார்கள். மிளகாய்ச் சத்தில் செய்த களிம்பு அது. சாதாரண ஆள் தொட்டால் தோல் எரியும். வலிக்கும் வீக்கத்துக்கும் பியூட்டாசோலிடின் என்ற மாத்திரை. பின்னாளில் அமெரிக்காவில் அதை மனிதருக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். குதிரை வைத்தியத்தில் இன்றும் இருக்கிறது. மூட்டுக்குள்ளேயே கார்ட்டிசோன் ஊசி. ஆட்டம் முடிந்ததும் பனிக்கட்டி நீர் நிரப்பிய தொட்டியில் முழங்கையை அமிழ்த்தி உட்கார்ந்திருப்பார். குளிரில் தோல் வெந்துபோகாமல் இருக்க டயர் டியூபை வெட்டிச் செய்த உறையைக் கையில் மாட்டிக்கொள்வார். முழங்கை நிரந்தரமாக மடங்கிவிட்டதால் கோட்டின் இடது கையைத் தையற்காரரிடம் கொடுத்துக் குட்டையாக்கினார். இவ்வளவும் பத்திரிகைகளுக்குத் தெரிந்துதான் நடந்தது. அதை வீரம் என்று எழுதினார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது வீரம் தெரிகிறது, கூடவே கோபமும் வருகிறது.

அந்த 1965 அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. உலகத் தொடரின் முதல் ஆட்டம் அக்டோபர் 6ஆம் தேதி மின்னசோட்டாவில். அன்று யோம் கிப்பூர், யூதர்கள் உண்ணாமல் நோன்பிருந்து பாவமன்னிப்புக் கேட்கும் நாள். கோஃபேக்ஸ் அன்று வீச மாட்டேன் என்றார். அவர் ஆசாரம் பார்க்கிறவர் அல்ல. ஆனால் அந்த நாள் தனக்கு வேலை நாள் அல்ல என்பதில் உறுதியாக இருந்தார். அவருக்குப் பதிலாக டான் டிரைஸ்டேல் வீசினார். மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் ஏழு ரன் போயிற்று, ஆட்டம் தோற்றது. அடுத்த நாள் கோஃபேக்ஸும் தோற்றார். பிறகு ஐந்தாவது ஆட்டத்தை வென்றார். தொடர் மூன்றுக்கு மூன்று என்று நின்றபோது, ஏழாவது ஆட்டத்துக்கு மேனேஜர் வால்டர் ஆல்ஸ்டன் அவரையே இறக்கினார். இரண்டே நாள் ஓய்வு. ஆட்டம் தொடங்கியதும் கர்வ்பால் பிடிபடவில்லை என்று தெரிந்துவிட்டது. கேட்சர் ஜான் ரோஸ்போரோ ஃபாஸ்ட்பாலையே கேட்டார். ஒரே பந்தை வைத்துக்கொண்டு, அது வரும் என்று எதிராளிக்கும் தெரிந்தே, ஒன்பது இன்னிங்ஸ். மூன்று ஹிட், பத்து ஸ்டிரைக் அவுட், இரண்டுக்குப் பூஜ்யம். பர்ஃபெக்ட் கேமைவிட இந்த ஆட்டத்தைத்தான் நான் மேலாக வைக்கிறேன். பர்ஃபெக்ட் கேம் அன்று அவரிடம் எல்லாம் இருந்தது. இந்த ஆட்டத்தில் பாதிதான் இருந்தது.

இப்படி வென்று கொடுத்தவர் அடுத்த ஆண்டு சம்பளம் பேசப் போனார். அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் ரிசர்வ் கிளாஸ் என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு முறை ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டால், அந்த கிளப் விடுவிக்கும்வரை வேறெங்கும் ஆட முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்க வேண்டும். நிர்வாகி பஸ்ஸி பவாசி கோஃபேக்ஸிடம், டிரைஸ்டேல் குறைவாகத்தானே கேட்கிறார் என்பார். டிரைஸ்டேலிடம் போய் கோஃபேக்ஸ் குறைவாகத்தானே கேட்கிறார் என்பார். ஒரு நாள் சேர்ந்து சாப்பிடும்போது இருவரும் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு இருவரும் ஒன்றாக நின்றார்கள். இருவருக்கும் சேர்த்து மூன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர். ஒருவர் இல்லாமல் மற்றவர் கையெழுத்துப் போட மாட்டார். 1966 வசந்தத்தில் 32 நாள் பயிற்சிக்கே போகவில்லை. கேட்டது கிடைக்கவில்லை. கோஃபேக்ஸுக்கு 1,25,000, டிரைஸ்டேலுக்கு 1,10,000 என்று முடிந்தது. ஆனால் ஆட்டக்காரர்கள் சேர்ந்து நின்றால் முதலாளி இறங்கி வருவார் என்று நாடு முழுவதும் பார்த்தது. அதே ஆண்டு ஆட்டக்காரர் சங்கத்துக்கு மார்வின் மில்லர் தலைமையேற்றார். 1975 டிசம்பரில் ரிசர்வ் கிளாஸ் உடைந்தது. அதை உடைத்த வழக்கில் முன்நின்ற பிட்சர்களில் ஒருவரான ஆண்டி மெசர்ஸ்மித் டாட்ஜர்ஸ் அணிக்காரர்.

1966 சீசனில் 323 இன்னிங்ஸ், மறுபடியும் 27 முழு ஆட்டங்கள், 317 ஸ்டிரைக் அவுட், ரன் சராசரி 1.73. லீகின் கடைசி நாள், அக்டோபர் 2, ஃபிலடெல்ஃபியா. வென்றால் லீக் பட்டம் உறுதி. இரண்டு நாள் ஓய்வில் கோஃபேக்ஸ் முழு ஆட்டமும் வீசி வென்றார். நான்கு நாள் கழித்து உலகத் தொடரில் பால்டிமோர் அணியை எதிர்த்து இறங்கினார். எதிரே இருபது வயது ஜிம் பால்மர். டாட்ஜர்ஸின் வில்லி டேவிஸ் வெயிலில் பந்தைத் தவறவிட்டு ஒரே இன்னிங்ஸில் மூன்று பிழை செய்தார். ஆட்டம் போயிற்று. கோஃபேக்ஸின் கடைசி ஆட்டம் அதுதான். தொடரே நான்குக்குப் பூஜ்யம் என்று கைவிட்டுப் போனது.

அதுவே கடைசி ஆண்டு என்பது ஒரு பத்திரிகையாளருக்கு மட்டும் ஓராண்டு முன்பே தெரியும். சான் டியேகோவின் ஃபில் கோலியரிடம் கோஃபேக்ஸ் சொல்லியிருந்தார். கோலியர் ஓராண்டு முழுவதும் வாயைத் திறக்கவில்லை. அறிவிப்பு வந்த அன்றுதான் எழுதினார். ஆக, அந்த 323 இன்னிங்ஸையும் முடிவு தெரிந்தே வீசியிருக்கிறார். நவம்பரில் அவர் சொன்ன காரணம் எளிமையானது. ஆட்டம் முடிந்த பிறகும் பல ஆண்டு வாழ வேண்டியிருக்கிறது; அந்த ஆண்டுகளை உடம்பின் எல்லா உறுப்பும் பயன்படும்படி வாழ ஆசைப்பட்டார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மருந்தும் ஊசியும் போட்டுக்கொண்டு இறங்குவதில் அவருக்கு விருப்பமில்லை.

அவர் போன எட்டாம் ஆண்டு, அதே டாட்ஜர்ஸ் அணியில் இன்னோர் இடது கைப் பிட்சர், டாமி ஜான். 1974 ஜூலை 17, ஓர் ஆட்டத்தின் நடுவே முழங்கையின் உட்புற இணைப்புநார் அறுந்துவிட்டது. அதுவரை அப்படி அறுந்தால் ஆட்டவாழ்வு முடிந்தது என்று அர்த்தம். கெர்லனின் கூட்டாளியான டாக்டர் ஃபிராங்க் ஜோப், செப்டம்பர் 25ஆம் தேதி, டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று சொல்லிவிட்டுத்தான் செய்தார். டாமி ஜான் 1975 முழுவதும் கையைப் பழக்கினார், 1976இல் திரும்பினார், 46 வயதுவரை வீசினார். மொத்தம் 288 வெற்றி, அதில் 164 அறுவைக்குப் பிறகு. கோஃபேக்ஸின் மொத்த வெற்றியே 165தான்.

இந்த வைத்தியம் எட்டு ஆண்டு முன்னால் வந்திருந்தால் கோஃபேக்ஸும் இன்னும் பத்து ஆண்டு ஆடியிருப்பாரே என்று பலர் ஏங்குகிறார்கள். எனக்கு அது உறுதியாகத் தோன்றவில்லை. மூட்டு தேய்வது வேறு, நார் அறுவது வேறு. தவிர, அந்த ஏக்கத்தில் நமக்கு என்ன கிடைத்திருக்கும் என்ற கணக்குதான் இருக்கிறது.

ஜோப் கண்டுபிடித்த அறுவை இன்று டாமி ஜானின் பெயரிலேயே வழங்குகிறது. ஜஸ்டின் வெர்லாண்டர் செய்துகொண்டு திரும்பிவந்து சை யங் விருது வாங்கினார். ஷோஹெய் ஓடானியின் முழங்கையில் இரண்டு முறை கத்தி வைத்திருக்கிறார்கள். நல்ல வைத்தியம், சந்தேகமில்லை. ஆனால் பழுதாக்கினாலும் சரிசெய்துகொள்ளலாம் என்ற துணிச்சலையும் அது கொடுத்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுவை மேசைக்கு வருகிறார்கள். செய்துகொண்டால் பந்து இன்னும் வேகமாகும் என்று நம்பும் பெற்றோரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 2014இல் பேஸ்பால் நிர்வாகமே முன்வந்து வயதுக்கு ஏற்ற வரம்பு வகுத்தது: ஒன்பது பத்து வயதுப் பிள்ளை ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் எறியக் கூடாது, பதினொன்று பன்னிரண்டு வயதில் 85. எறிந்த எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டாய ஓய்வு நாளும் உண்டு. வரம்பு காகிதத்தில் இருக்கிறது. வேகத்தை அளக்கும் கருவி ஒவ்வொரு மைதானத்திலும் இருக்கிறது.

1972இல் கோஃபேக்ஸ் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். வயது 36. அவ்வளவு இளம் வயதில் தேர்வானவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. 2022 ஜூனில் டாட்ஜர் ஸ்டேடியத்தில் அவருடைய சிலையைத் திறந்தபோது, 86 வயதில் நேரில் வந்து பேசினார்.

மூட்டு தேய்ந்த ஒருவரை இரண்டு ஆண்டுகளில் 650 இன்னிங்ஸுக்கு மேல் வீச வைத்தது தவறு. வைத்தியருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஒருவரும் நிறுத்தவில்லை. அவரே நிறுத்த வேண்டியிருந்தது. அவர் போன அடுத்த ஆண்டு பத்து அணி கொண்ட லீகில் டாட்ஜர்ஸ் எட்டாவது இடத்துக்கு இறங்கியது.

இந்த அவையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இருக்கிறீர்கள், பெற்றோர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பந்து எறியும் பிள்ளை கை வலிக்கிறது என்று சொன்னால், அன்று இறுதிப்போட்டியாகவே இருந்தாலும், பந்தை வாங்கி அடுத்த பிள்ளையிடம் கொடுங்கள்.